முதலாண்டைத் தனியாகத் தாண்ட முடியுமா?



"முதலாண்டுன்னா ரெண்டு அரியராவது இருக்கணும்டா. இல்லேன்னா பாலிடெக்னிக்ல படிச்சேன்னு எவன் நம்புவான்?"

கல்லூரி வாசல் டீக்கடையில் இந்த வசனத்தைக் கேட்காதவர் நம்மில் யாராவது உண்டா? சொல்பவர் சிரித்துக்கொண்டே சொல்வார். கேட்பவரும் சிரிப்பார். ஆனால் தேர்வு முடிவு வந்த அன்று மாலை அதே முகங்களைப் பாருங்கள். "எத்தனைடா போச்சு?" என்று கேட்டால் விரலைக் காட்டுவார்களே தவிர, வாய் திறக்க மாட்டார்கள். வீட்டில் என்ன சொல்வது என்ற யோசனைதான் எல்லோர் மனதிலும் ஓடும். அரியரைப் பெருமையாகப் பேசுவதெல்லாம் வலியை மறைக்கப் போடும் வேஷம். வேஷம் என்று தெரிந்தும் ஆண்டுதோறும் அதையே புதுப் பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று பேரவை நண்பர்கள் கேட்டார்கள். காதல் கவிதைக்கும் கடி ஜோக்குக்கும் நம்மிடையே பஞ்சமில்லை. ஆகவே நான் முதலாண்டைப் பற்றி எழுதுகிறேன். என் கருத்து ஒன்றே ஒன்றுதான். முதலாண்டுத் தேர்ச்சி என்பது ஒவ்வொருவரும் தன் தலையெழுத்து என்று தனியாகச் சுமக்க வேண்டிய மூட்டை அல்ல. அது பலர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. அந்த வேலையை முன்னின்று நடத்த வேண்டியது நம் மாணவர் பேரவை. எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

அப்படி என்னதான் மாறிவிடுகிறது?

பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு நேராக இங்கே வருகிறோம். அப்போது நமக்கு 15, 16 வயது. நம்மில் பலர் தமிழ் வழியில் படித்தவர்கள். பள்ளியில் 'திசைவேகம்' என்று படித்தது இங்கே 'வெலாசிட்டி'. 'முடுக்கம்' இங்கே 'ஆக்சிலரேஷன்'. 'உந்தம்' என்று பத்தாம் வகுப்பில் கணக்குப் போட்டவன், 'மொமண்டம்' என்ற சொல்லைக் கரும்பலகையில் பார்த்து முழிக்கிறான். மீட்சிப் பண்பு எலாஸ்டிசிட்டி ஆகிறது. பாகுநிலை விஸ்காசிட்டி ஆகிறது. பரப்பு இழுவிசை சர்ஃபேஸ் டென்ஷன் ஆகிறது. விளக்கெண்ணெய் ஏன் மெதுவாக வழிகிறது, தண்ணீர் ஏன் சட்டென்று ஓடுகிறது என்று நம் வீட்டுப் பாட்டிக்கே தெரியும். ஆனால் அதையே ஆங்கிலத்தில் கேட்டால், நமக்குத் தெரிந்த விஷயம்தான் என்பதே தெரியாமல் போய்விடுகிறது.

அடுத்தது கணக்கு. சைன் 30 டிகிரி என்றால் அரை என்பது பத்தாம் வகுப்பிலேயே தெரியும். இங்கே வந்தால் 75-ஐ 45, 30 என்று உடைத்து சைன் 75 கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். அணிக்கோவை, கலப்பெண்கள், ஈருறுப்புத் தேற்றம் என்று வரிசையாக வருகின்றன. நம்மோடு பத்தாவது முடித்து மேல்நிலைப் பள்ளிக்குப் போனவர்கள் 2 ஆண்டுகள் நிதானமாகப் படிக்கும் பல பாடங்கள் நமக்கு முதலாண்டிலேயே வந்துவிடுகின்றன. "பாலிடெக்னிக்தானே, ஈஸியா இருக்கும்" என்று ஊரில் சொன்னவர்கள் யாரும் இந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் இன்ஜினியரிங் கிராபிக்ஸ். மினி டிராஃப்டரைப் பலகையில் பொருத்தத் தெரிவதற்குள்ளேயே ஒரு மாதம் ஓடிவிடும். முதல் கோண வீழ்ப்பு முறையில், ஒரு பொருளை மேலிருந்து பார்க்கும் தோற்றத்தை முகப்புத் தோற்றத்துக்குக் கீழே வரைய வேண்டும். வலப்பக்கத் தோற்றத்தை இடப்பக்கம் வரைய வேண்டும். "மேல பாத்ததை எதுக்கு சார் கீழ போடணும்?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் 60 பேர் இருக்கும் வகுப்பில் எழுந்து கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்? கேட்டால் பின்னால் இருந்து ஒரு "ஓ..." சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே பாதிச் சந்தேகங்கள் தொண்டையிலேயே செத்துப்போகின்றன.

இதையெல்லாம் மனப்பாடம் செய்து எப்படியோ தாண்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதலாண்டுப் பாடம் முதலாண்டோடு போவதில்லை. மின்னியல் துறைக்குப் போகிற தம்பிக்கு மாறுதிசை மின்சுற்றுக் கணக்கில் கலப்பெண் மறுபடி வந்து நிற்கும். கட்டடவியல் தங்கைக்கு நில அளவையில் முக்கோணவியல் வரும். எங்கள் இயந்திரவியலுக்கு மெஷின் டிராயிங்கில் அந்த முகப்புத் தோற்றமும் மேல் தோற்றமும் திரும்ப வரும். அடித்தளத்தில் செங்கல் விட்டுப்போன கட்டடத்துக்கு மேலே எத்தனை மாடி எழுப்பினாலும் பயம்தானே? போதாக்குறைக்கு, பல கம்பெனிகள் வளாகத் தேர்வுக்கு வரும்போது "அரியர் உள்ளவர்கள் வெளியே போகலாம்" என்று தொடங்கிவிடுகிறார்கள். நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர வேண்டும் என்று கனவு காண்பவருக்கும் அந்தப் பழைய பாடம்தான் குறுக்கே நிற்கும்.

ஒர்க்ஷாப்பில் மட்டும் வெட்கம் இல்லையே, ஏன்?

இப்போது ஒரு சின்ன விஷயத்தை யோசித்துப் பாருங்கள். ஃபிட்டிங் ஷாப்பில் வி ஜாயிண்ட் செய்கிறோம். மைல்டு ஸ்டீல் துண்டை வைஸில் பிடித்து, ஹேக்ஸாவால் அறுத்து, அரத்தால் ராவி, இரண்டு துண்டுகளையும் ஒன்றோடு ஒன்று பொருத்த வேண்டும். பொருத்திய பிறகு என்ன செய்கிறோம்? வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கிறோம். பக்கத்து வைஸில் நிற்பவன் எட்டிப் பார்த்து, "டேய், இந்த மூலையில லைட் தெரியுது பாரு, இன்னும் கொஞ்சம் ராவு" என்கிறான். நாமும் உடனே ராவுகிறோம். அவனுடைய டிரை ஸ்கொயரை நாம் வாங்கிப் பார்க்கிறோம். நம் ஜாபை அவன் வாங்கிப் பார்க்கிறான். யாருக்காவது வெட்கம் வருகிறதா? மானம் போய்விட்டது என்று யாராவது நினைக்கிறோமா?

அதே பையன், அதே நண்பன், மறுநாள் கணக்கு வகுப்பில் அணிக்கோவைக் கணக்கில் ஒரு கழித்தல் குறியை விட்டுவிடுகிறான். அதை யாரும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பதில்லை. அவன் நோட்டை அவன் மூடிக்கொள்கிறான். நம் நோட்டை நாம் மூடிக்கொள்கிறோம். அந்தக் கழித்தல் குறி தேர்வு வரைக்கும் விட்டுப்போனதாகவே இருக்கிறது.

இரும்பைத் தவறாக ராவினால் திருத்திக்கொள்ளலாம். கணக்கைத் தவறாகப் போட்டால் அவன் மூளையே குறைவு. நம்மையறியாமலே இப்படி ஒரு எண்ணம் நமக்குள் ஊறிக் கிடக்கிறது. இதைத்தான் உடைக்க வேண்டும் என்கிறேன். கணக்கும் ஒரு ஜாப்தான். அதற்கும் பக்கத்து வைஸ்காரன் கண் வேண்டும்.

புத்திமதிக்குக் குறைவில்லை

முதலாண்டு மாணவனுக்குப் புத்திமதி சொல்ல ஊரே திரண்டு வரும். "காலையில 4 மணிக்கு எழுந்திரு." "டைம்டேபிள் போட்டுப் படி." "செல்போனைத் தொடாதே." "கூடாத சகவாசம் கூடாது." எல்லாம் நல்ல வார்த்தைகள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் புத்திமதிகள் அத்தனையிலும் ஒரு பொதுத்தன்மை இருப்பதைக் கவனித்தீர்களா? எல்லாமே தனியாக உட்காரச் சொல்கின்றன. சொன்னபடியெல்லாம் கேட்டு, ஒழுங்காக வகுப்புக்கு வந்து, நோட்ஸ் எழுதி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தவனும் கணக்கில் போகிறானே, அதற்கு என்ன பதில்?

இதற்குப் பதில் தேடிய ஒருவரின் கதையைச் சொல்கிறேன். நடந்த இடம் தொலைதூரம். விஷயம் நம் வீட்டு விஷயம்.

அமெரிக்காவில் பெர்க்லி என்ற ஊரில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1970-களில் யூரி டிரீஸ்மன் என்பவர் அங்கே கணித ஆராய்ச்சி மாணவர். முதலாண்டு நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் தோற்றுப்போவதையும், சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகத் தேறுவதையும் அவர் கவனித்தார். என்ன காரணம் என்று ஆசிரியர்களைக் கேட்டார். அவர்களுக்கு ஆர்வம் இல்லை, பள்ளியில் அடிப்படை சரியில்லை, வீட்டில் ஊக்கம் இல்லை, வறுமை என்று பதில்கள் வந்தன. நம் ஊரிலும் இதே நான்கு பதில்கள்தானே? ஊர் மாறினாலும் ஸ்டாஃப் ரூம் பேச்சு மாறாது போலிருக்கிறது!

டிரீஸ்மன் அந்தப் பதில்களை அப்படியே ஏற்கவில்லை. 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன மாணவர்களையும் தேர்ந்தெடுத்து, அவர்கள் தங்கியிருக்கும் இடத்துக்கே போய், எப்படிப் படிக்கிறார்கள் என்று பல மாதங்கள் கூடவே இருந்து பார்த்தார். அந்த நான்கு காரணங்களும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்கள் வீட்டில் படிப்புக்காக எவ்வளவோ தியாகம் செய்து அனுப்பியிருந்தார்கள். அவர்களும் வகுப்புக்கு ஒழுங்காக வந்தார்கள், குறிப்பெடுத்தார்கள், வீட்டுக்கணக்கைக் குறித்த நாளில் கொடுத்தார்கள். ஒரு மணி நேர வகுப்புக்கு 2 மணி நேரம் படி என்று சொன்னால் அப்படியே படித்தார்கள். ஆனால் தனியாகப் படித்தார்கள். நட்பு வேறு, படிப்பு வேறு என்று வைத்திருந்தார்கள்.

சீன மாணவர்கள் என்ன செய்தார்கள்? முதலில் அவர்களும் தனியாகத்தான் கணக்குப் போட்டார்கள். பிறகு மாலையில் கூடினார்கள். சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டார்கள். ஒருவர் விடையை இன்னொருவர் சரிபார்த்தார்கள். ஒருவர் எழுதிய ஆங்கிலத்தை இன்னொருவர் திருத்தினார்கள். பழைய வினாத்தாள்களை எடுத்து ஒருவரை ஒருவர் சோதித்துக்கொண்டார்கள். தேர்வறைக்குள் போகும் முன்பே வகுப்பில் தான் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. தனியாகப் படித்தவருக்கோ, தனக்கு வராத கணக்கு எல்லோருக்குமே கடினமா, தனக்கு மட்டும்தான் வரவில்லையா என்பதுகூடத் தெரியாது. தெரியாததால், தனக்குத்தான் புத்தி போதவில்லை என்று முடிவுகட்டிக்கொள்வார்.

1978 முதல் டிரீஸ்மன் பெர்க்லியில் மாணவர்களைச் சிறு குழுக்களாகக் கூட்டி, சேர்ந்து கணக்குப் போடும் வகுப்புகளை நடத்திப் பார்த்தார். இங்கே ஒரு முக்கியமான விஷயம். "மந்தமான பசங்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ்" என்று அவர் அதை நடத்தவில்லை. வகுப்பில் வருவதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, "உங்களால் முடியும், சேர்ந்து போடுங்கள்" என்றார். அந்தக் குழுக்களில் சேர்ந்தவர்களின் தேர்ச்சி நன்றாக உயர்ந்தது. இந்த அனுபவத்தை 1992-இல் ஒரு கணித இதழில் கட்டுரையாக வெளியிட்டார். பின்னர் பல பல்கலைக்கழகங்கள் இந்த முறையைக் கைக்கொண்டன.

நண்பர்களே, இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். ஒருவர் எழுதிய ஆங்கிலத்தை இன்னொருவர் திருத்தினார்கள் என்பது தமிழ் வழியில் வந்த நமக்காகவே எழுதியது போல இல்லையா?

கேட்டுக்கொள்வதில் என்ன மாயம்?

சேர்ந்து படித்தால் ஏன் மனதில் நிற்கிறது? இதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கக் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினர் படித்துவிட்டு, புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ்! எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது.

தேர்வுக்கு முதல் நாள் இரவு முழுக்கப் படித்துவிட்டு "எல்லாம் தெரியுதுடா" என்று சொல்லும் நண்பனின் கதை இப்போது புரிகிறதா? அவன் பொய் சொல்லவில்லை. படித்த 5 நிமிடத்துக்கு எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். புத்தகத்தை மூடச் சொல்லி, "எங்கே, சைன் 75 எப்படி வரும், பலகையில போடு" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். தனியாக இருப்பவனை அப்படிக் கேட்க யார் இருக்கிறார்கள்? குழுவில் இருப்பவனைக் கேட்காமல் விடமாட்டார்கள். சொல்லிக்கொடுப்பவனுக்கு இதில் இரட்டை லாபம். ஒரு அழிரப்பரையும் சோப்பு டப்பாவையும் மேஜைமேல் வைத்து, மேல் தோற்றம் ஏன் கீழே போகிறது என்று நண்பனுக்கு விளக்கிப் பாருங்கள். அதன்பிறகு உங்களுக்கு அது ஜென்மத்துக்கும் மறக்காது.

"சேர்ந்து உட்கார்ந்தா அரட்டைதான்!"

இப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். உண்மைதான். கம்பைன்ட் ஸ்டடி என்று வீட்டில் சொல்லிவிட்டு கிரிக்கெட் பார்த்த கதைகள் நம்மிடம் ஏராளம். ஆகவே சில விதிகள் வேண்டும். 4 அல்லது 5 பேர் போதும். 10 பேர் என்றால் அது கூட்டம். வரும்போதே ஒவ்வொருவரும் தனியாகப் போட்டுப் பார்த்த தாளோடு வர வேண்டும்; வெறுங்கையோடு வந்தால் வேடிக்கைதான் பார்க்க முடியும். பழைய வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம், அதற்குமேல் வேண்டாம். யாருக்கு வரவில்லையோ அவர்தான் பலகைக்கு வர வேண்டும். வந்தவரைச் சிரிக்கக் கூடாது. இவ்வளவுதான் விதி.

இன்னொரு கேள்வி: "இது காப்பி அடிக்கிறதுல கொண்டுபோய் விடாதா?" ரெக்கார்டு நோட்டை வாங்கி அப்படியே எழுதுவது வேறு, விடையை ஒப்பிட்டு எங்கே மாறுகிறது என்று சண்டை போடுவது வேறு. முதலாவதில் கைதான் வலிக்கும். இரண்டாவதில்தான் மண்டைக்குள் ஏதாவது இறங்கும்.

மூன்றாவது கேள்விதான் நியாயமானது. "எங்களுக்கு நேரம் எங்கே?" கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவர்கள் இருக்கிறார்கள். மாலையில் மெக்கானிக் கடைக்கும், சனி ஞாயிறுகளில் கேட்டரிங் வேலைக்கும் போய் வீட்டுக்குக் காசு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஹாஸ்டல் அறையில் இரவு 9 மணிக்குக் கூடுவோம் என்றால் இவர்கள் எப்படி வருவார்கள்? மாணவியர் எப்படி வருவார்கள்? நம் கல்லூரியில் இப்போதும் படிப்புக் குழுக்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை ஹாஸ்டல் அறையிலும் டீக்கடை பெஞ்சிலும்தான் இருக்கின்றன. பஸ்ஸுக்கு ஓடுபவரும் வேலைக்குப் போகிறவரும் பெண் பிள்ளைகளும் தானாகவே அதற்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். யாரும் அவர்களைத் தள்ளவில்லை. இடம் அப்படி அமைந்துவிடுகிறது. அதனால்தான் இதைத் தனிப்பட்ட நட்புக்கு விட்டுவிடக் கூடாது, பேரவை பொறுப்பேற்க வேண்டும் என்கிறேன்.

என் முதலாண்டு வகுப்பில் ஒரு நண்பன் இருந்தான். பம்ப்செட் மோட்டார் ரிப்பேர் ஆனால் சத்தத்தைக் கேட்டே பேரிங் போயிருக்கிறதா, காயில் போயிருக்கிறதா என்று சொல்லிவிடுவான். ஒர்க்ஷாப்பில் அவன் ராவிய ஜாபில் ஒளிபுகாது. காலை பஸ்ஸில் வந்து, மாலை மணி அடித்ததும் வேலைக்கு ஓடுவான். மதிய வேளையில் தனியாக உட்கார்ந்து புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். முதல் தேர்வில் 4 பாடம் போனது. அடுத்த தேர்வுக்கு அவன் பணம் கட்டவே வரவில்லை. டி.சி. வாங்கிக்கொண்டு திருப்பூர் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். அவனுக்குப் புத்தி இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? மோட்டாரின் சத்தத்தைப் புரிந்துகொண்டவனுக்கு ஒரு அணிக்கோவையைப் புரியவைக்க முடியாதா? மதியம் ஒரு மணி நேரம் அவனோடு நாலு பேர் உட்கார ஒரு ஏற்பாடு இருந்திருந்தால், இன்று அவனும் என்னோடு மூன்றாமாண்டில் இருந்திருப்பான் என்றே நான் நம்புகிறேன்.

அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்க வருபவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் திட்டத்தை மாணவியருக்கு 2022-இலும், மாணவருக்கு 2024-இலும் தமிழக அரசு தொடங்கியது. டிப்ளமோ படிப்பவர்களுக்கும் அது உண்டு. நல்ல விஷயம். ஆனால் பணம் ஒருவரைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவந்து விடும். உள்ளே வந்தபின் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டுமே! அதை எந்த அரசாணையும் தர முடியாது. நாம்தான் தர முடியும்.

ராகிங் போனது, பேச்சும் போனது

1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அதற்குப் பின்னால் இருந்த கொடுமை எல்லோரும் அறிந்ததே. சட்டம் வந்தது மிகவும் சரி. ஆனால் சட்டம் எதைச் செய்யக் கூடாது என்றுதான் சொல்லும். எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லாது. இன்று சீனியர், ஜூனியர் நடுவே ஒரு சுவர் நிற்கிறது. "எதுக்குடா வம்பு, ஃபர்ஸ்ட் இயர் பக்கம் போகாதே" என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். "சீனியர் பக்கம் போகாதே" என்று வீட்டில் சொல்லி அனுப்பியதால் அவர்களும் ஒதுங்கிவிடுகிறார்கள். போன ஆண்டு அதே கணக்கில் தடுமாறி மீண்டவன் அடுத்த கட்டடத்திலேயே இருக்கிறான். ஆனால் அவனிடம் கேட்க வழியில்லை. அடிக்காமல் இருப்பது மட்டும் போதுமா? கைகொடுக்க வேண்டாமா?

பேரவைக்கு நான்கு கோரிக்கைகள்

ஒன்று: வாரத்தில் 2 நாள், முதலாண்டுக்கென்று ஒரு வகுப்பறையை மதிய இடைவேளையிலும், மாலை 4 மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரமும் திறந்து வைக்க முதல்வரிடம் அனுமதி வாங்குங்கள். ஒரு ஆசிரியர் பார்வையில், எல்லோரும் வந்துபோகும் இடத்தில், மாணவரும் மாணவியரும் தயக்கமில்லாமல் வரும்படி அது இருக்கட்டும்.

இரண்டு: ஒவ்வொரு 5 பேர் குழுவுக்கும் ஒரு சீனியரைக் கொடுங்கள். முதல் மதிப்பெண் வாங்கியவர்தான் வேண்டும் என்பதில்லை. அரியர் வைத்து எழுதித் தேறியவருக்கு எந்த இடத்தில் கால் வழுக்கும் என்று நன்றாகவே தெரியும்.

மூன்று: பேரவை அறையில் ஒரு இரும்பு பீரோ காலியாகக் கிடக்கிறது. அதில் பழைய வினாத்தாள்களையும், நாம் படித்து முடித்த புத்தகங்களையும், மூன்றாமாண்டு முடித்துப் போகிறவர்களின் மினி டிராஃப்டர்களையும் சேர்த்து வையுங்கள். வாங்க வசதியில்லாதவர் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகட்டும். ஆண்டு முடிவில் திருப்பித் தரட்டும்.

நான்கு: தமிழ்-ஆங்கிலச் சொற்பட்டியல் ஒன்று தயாரியுங்கள். பள்ளிப் புத்தகத்தில் உள்ள தமிழ்ச் சொல் இடப்பக்கம், இங்கே வரும் ஆங்கிலச் சொல் வலப்பக்கம். இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றுக்கும் சேர்த்து சில பக்கங்களில் முடிந்துவிடும். சேர்க்கையன்றே புது மாணவர் கையில் கொடுத்துவிடலாம்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று பொருளாளர் கேட்பார். வரவேற்பு விழாவுக்கு வாடகைக்கு எடுக்கும் சவுண்ட் பாக்ஸில் இரண்டைக் குறைத்தால் போதும் என்பது என் பணிவான கருத்து. பாட்டின் சத்தம் கொஞ்சம் குறையும். அடுத்த ஆண்டு அந்த விழாவுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் இரண்டாமாண்டு வகுப்பில் இருப்பார்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குழு வைத்தால் எல்லோரும் சென்டம் வாங்கிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. தனியாக உட்கார்ந்து போட வேண்டிய கணக்கைத் தனியாகத்தான் போட வேண்டும். தேர்வறையில் நம் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். ஆனால் கைவிடப்பட்டதாக நினைத்து ஒருவரும் இந்தக் கல்லூரியை விட்டுப் போகாதபடி செய்ய முடியும். அதற்குப் பெரிய மேதைகள் தேவையில்லை. பக்கத்து வைஸ்காரர்கள் போதும்.

முதலாண்டுத் தம்பி தங்கைகளே! இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது பேரவை இதையெல்லாம் தொடங்கியிருக்கலாம், தொடங்காமலும் இருக்கலாம். காத்திருக்காதீர்கள். நாளைக்கு மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடியதும், பக்கத்தில் தனியாக உட்கார்ந்து புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவரிடம் போய், "இந்தக் கணக்கு உனக்கு வந்துச்சா? எனக்கு வரல, சேர்ந்து போடலாமா?" என்று கேளுங்கள்.

அவர் அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருக்கிறார்.